போயிட்டு வா என்று சொல்லப்பட்ட புயல்

பிஜித் தீவில், நசியா ஊரில், தாயம்மாவின் வீட்டுக்கு வருஷந்தோறும் ஒரு புயல் வந்துபோனது. வேறு வேறு புயல் அல்ல, அதே புயல். தப்பு அவளுடையது. முதல் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவள் மகன் தேவேந்திரா சிட்னிக்குக் கிளம்பினான். அவனுக்குத் தமிழ் காதோடு சரி, நாக்கில் இந்திதான். "ஹம் ஜாதா, அம்மா" என்றான். போகிறேன் என்று அர்த்தம். அந்த வாசலில் நின்று யாரும் அப்படிச் சொன்னதில்லை, போயிட்டு வரேன் என்றுதான் சொல்வார்கள். ஆத்திரத்தில் "போ" என்றாள். போனான். அந்த வாரமே கடலில் வலுவிழந்த புயல் ஒன்று ஊருக்குள் வந்தது. கூரைத் தகரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி வாசலைக் கடந்தது. புறப்படுகிறவர்களுக்குச் சொல்லும் பழக்கத்தில், யோசிக்காமல், "போயிட்டு வா" என்றாள். மரியாதை தெரிந்த காற்று. மறுவருஷம் அதே மாதம் வந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. பலத்த காற்று, கொந்தளிப்பான கடல், சிறு படகுகள் போக வேண்டாம் என்று வானொலி சொல்லும். தலைநகர் சுவாவிலிருந்து வரும் கப்பல் நின்றுவிடும். "அக்கா, உங்க ஆளு வந்துட்டான், துணிய எடுங்க" என்று பக்கத்து வீட்டு சரோஜ் கத்துவாள். "வரட்டும்டி, வர்றதுக்கு அவனாவது இருக்கானே" என்பாள் தாயம்மா. இரண்டாயிரத்தில் மறுபடி துப்பாக்கிகள் நாடாளுமன்றத்துக்குள் போயின. சரோஜ் குடும்பத்தோடு ஆக்லாந்து போனாள். புயல் வந்தது, கொஞ்சம் கிழடுதட்டி. கடைசியில் அதனால் திரைச்சீலையைத்தான் தூக்க முடிந்தது. ஆனால் கடலை மட்டும் சும்மா விடவில்லை.

இன்னொரு கவிழ்ப்பும் முடிந்த மறுவருஷம், லீவில் சுவா வரை வந்துவிட்ட தேவேந்திரா அங்கிருந்து போன் செய்தான். "ஜஹாஜ் நை ஜாய், அம்மா. காத்து... ரொம்ப." கப்பல் போகாதாம். காற்று அடங்காவிட்டால், லீவு முடிந்து அப்படியே சிட்னிக்குத் திரும்பிவிடுவானாம். தாயம்மா வாசலுக்கு வந்தாள். காற்று படியில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தவறாமல் வந்தது அது ஒன்றுதான். அந்தச் சொல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். "போ" என்றாள்.

போயிற்று. மறுநாள் கப்பல் ஓடியது. மகன் வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், "ஹம் ஜாதா" என்றான். "போயிட்டு வா" என்றாள்.

மறுவருஷம் அதே மாதம் வந்தான். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலுவிழந்து, படியேறும்போது இளைத்தபடி. அவன் இருக்கும் நாட்களில் கடல் அசைவில்லாமல் கிடக்கும். தாயம்மா துணியைக் கொடியிலேயே விட்டுவைப்பாள். அதுவும் அசையாது.