அக்காவின் குரலுக்கு ஒரு வேகத்தடை

அக்காவின் பழைய கணினி புகைவிட்டுச் செத்தபோது அவள் குரலும் கூடவே போய்விட்டது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவள் தட்டச்சு செய்வாள், அது பேசும். மூக்கடைத்த ஆள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல்தான். ஆனால் அவள் மகளுக்கு அம்மாவின் குரல் என்றால் அதுதான்.

கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. புதுக் கணினி ஒன்றில் தேன் ஒழுகும் புதுக் குரலைப் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா ஒரே ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள்: "யாருடா இவ, என் வீட்டுல?"

பழைய மென்பொருளைச் செய்த நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பழைய கணினியின் வன்வட்டு தப்பியிருந்ததால் அதிலிருந்து மென்பொருளை எடுத்துப் போட்டேன்; புதுக் கணினியோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பொய்தான் கைகொடுத்தது. பழைய கணினியில்தான் ஓடுகிறோம் என்று அந்த மென்பொருளை நம்பவைக்கும் செயலி ஒன்று உண்டு. அதை நிறுவினேன். தகரக் குரல் வந்துவிட்டது! தட்டினால் உடனே பேச்சு, முன்பிருந்த இழுபறி இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் சண்டை. மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அத்தான், "அவ்ளோ தூரமெல்லாம் வேணாம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் எதிர்த்துப் பேசினாள். நடுவில் அக்கா தட்டினாள். குரல் வந்தது, இருவர் கத்தலிலும் கரைந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே கதி. அக்கா விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ பேசறது காதுல விழலையா?"

மகள் திகைத்துப் போனாள். "பேசினாங்களா? முன்னாடில்லாம் 'கர்ர்'னு ஒரு சத்தம் வரும் மாமா. அம்மா பேசப்போறாங்கன்னு நாங்க வாயை மூடிக்குவோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய வட்டு முக்கி முனகிச் சுழன்ற அந்த நேரம்தான் இத்தனை வருடமாக அக்காவுக்கு இந்த மேசையில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. நான் அதைத் தொலைத்துவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து கணினியின் வேகத்தைக் கட்டிப்போட்டேன். என் கைப்பேசியில் தேடி, பழைய வட்டின் சத்தம் ஒன்றை எடுத்து, பேச்சுக்கு முன்னால் சேர்த்தேன். அதற்குள் சண்டை மறுபடி சூடு பிடித்திருந்தது. "இப்பத் தட்டுக்கா."

கர்ர். அத்தான் பாதிச் சொல்லில் நின்றார். மகளின் கை தட்டிலேயே நின்றது.

"அவ போகட்டும்" என்றது தகரக் குரல். "தினமும் போன்ல நான் பேசிக்கறேன். எனக்குத்தான் குரல் இருக்கே."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. அவர் சரியென்று தலையாட்டிவிட்டார்.