முதல் மாத்திரை

புது மருந்தைப் பற்றிய கூட்டத்தில் திரையில் இரண்டே பெயர்கள் இருந்தன. ஒன்று ஆய்வகத்தின் தலைவருடையது; எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். மற்றது அவருடைய மாப்பிள்ளையின் பெயர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பலமாகக் கைதட்டினாள்.

அந்த மருந்து அவள் உருவாக்கியது. மண்டைக்குள் குரல் கேட்கும் நோய்க்குத் தரும் பழைய மாத்திரைகள், மூளையில் மருந்து வந்து உட்காரும் இடங்களான ஏற்பிகளில், கண்டதில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். குரல் அடங்கும், கை ஆடத் தொடங்கும். அவளுடைய தம்பிக்கு அப்படித்தான் ஆனது. தையல்காரன், ஒரே குத்தில் ஊசியில் நூல் கோத்தவன். இப்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். குரலோடு சம்பந்தப்பட்ட ஏற்பியில் மட்டும் உட்கார்ந்து, மற்றதைச் சீண்டாமல் போகும் ஒரு மருந்தைச் செய்வதிலேயே அவளுடைய இளமை கழிந்தது. செய்து முடித்ததும் பெரியவர் கூப்பிட்டனுப்பினார்.

"சோதனைப் பிரிவுக்கு உன்ன மாதிரி பொறுமைசாலிதாம்மா வேணும்" என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பிவைத்தார்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. தயாரிப்புச் செலவு குறைய வேண்டும் என்று அவளுடைய மூலக்கூறின் வால் பகுதியை மாப்பிள்ளை மாற்றிவிட்டான் என்ற செய்தி அங்கேதான் வந்து சேர்ந்தது. யாரும் கேட்காமலே அவள் புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தாள். மூளையில் அது ஒழுங்காகவே நடந்துகொண்டது. ஆனால் இதயத்திலிருக்கும் ஓர் ஏற்பியிலும் அழுத்தமாக ஒட்டியது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வால்வு தடித்துப்போகும். அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். எல்லா முறையும் அதே முடிவு.

அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள். மெல்ல மெல்லத் தெரியவரும். அப்போது பெரியவர் தலையெடுக்கவே முடியாது. வாயில் கற்கண்டை அடக்கிவைத்திருப்பது போல அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நடமாடினாள். அந்த நோயாளிகளுக்கு அவள் மனதில் முகம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு காலையில் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். "அக்கா, உன் மருந்தைச் சாப்பிட்டுப் பாக்க ஆஸ்பத்திரியில என் பேரைக் குடுத்துட்டேன். டாக்டரம்மா என்னைச் சேத்துக்கிட்டாங்க. முதல் மாத்திரையே எனக்குத்தானாம்."

பெரியவரின் அறையில் அன்று, நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கப்போகும் அந்த டாக்டரம்மாவும் இருந்தார். மாப்பிள்ளை ஏதோ படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போய் ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"வாலை மாத்தினதுக்கப்புறம் இது இதயத்துலயும் ஒட்டுது சார். வால்வு போயிடும்."

பெரியவர் சிரித்தார். "கீழயே இருந்தா மனுசனுக்கு எல்லாம் இருட்டாத்தான் தெரியும். டாக்டர், ஒண்ணும் பயப்படாதீங்க. தண்ணி மாதிரி மருந்து."

"அப்போ நீங்க சாப்பிடுங்க சார். ஒரு மாத்திரை ஒண்ணும் பண்ணாது. நோயாளிக்கு ஆறு மாசம்ல, அதான் ஆறு மாசத்துக்கும் சேத்துக் கொண்டுவந்திருக்கேன்."

அவர் டப்பாவைப் பார்த்தார், தொடவில்லை. மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சாப்பிடுறேன் மாமா" என்று ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். பெரியவர் எட்டி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? வீட்டுல புள்ள இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மாப்பிள்ளை மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா பேனாவை மூடிக் கைப்பையில் போட்டார்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவரின் முகம் போன போக்கை நடித்தும் காட்டினாள். அவன் கேட்டு முடித்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தான்.

"அப்போ என் கை?"

"பழைய வாலை வெச்சுத் திரும்ப ஆரம்பிக்கணும்டா. வருஷமாகும்."

அவன் தலையாட்டினான். அவளுக்கு அதற்குமேல் நடிக்கத் தோன்றவில்லை.

பெரியவர் உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி விலகினார். அவளை மறுபடி மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைசி நாளில் அவர் ஒவ்வொரு மேஜையாக வந்து விடைபெற்றார். அவளிடம் வந்தபோது, மருந்தைப் பிரித்தெடுக்க மணல் நிரப்பிச் செங்குத்தாக நிறுத்திவைத்த கண்ணாடிக் குழாயில் கரைசல் வடிந்துகொண்டிருந்தது.

"வரேம்மா. மனசுல எதையும் வெச்சுக்காத" என்று கையை நீட்டினார்.

அவளுடைய இரண்டு கையிலும் நீலக் கையுறை. கழற்ற நேரம் இருந்தது. அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பட்டை ஒன்று மணலுக்குள் மெதுவாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.