ஒரு பிடி அழுக்கு

சுத்தம் சோறு போடும் என்பார்கள். விஜயலெட்சுமிக்கு அது பேரும் வாங்கிக் கொடுத்திருந்தது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் வீட்டுத் தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். அந்தப் பேர்தான் இப்போது அவள் தலையில் கல்லைப் போட்டிருந்தது.

பொங்கலுக்கு வீடு கழுவியபோது மகள் ஜெயந்தினியின் கண்ணாடித் தொட்டியையும் அவள் விட்டுவைக்கவில்லை. அதிலிருந்தது ஒரு ஆக்சலோட்டல். நாலு காலும், தலையின் இரு பக்கமும் சிவந்த இறகு போல வெளியே நீட்டிய செவுளுமாக ஒரு நீர்ப்பிராணி. நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனதிலிருந்து ஜெயந்தினி சிரிப்பது அதன் முன்னால் மட்டும்தான். பதுளையில் துணிக்கடை வேலை, பொங்கலுக்கும் லீவில்லை. இன்று சாயங்கால பஸ்ஸில் வருகிறாள்.

தொட்டியைத் தேய்த்து, தண்ணீர் வடிகட்டும் ஸ்பொஞ்சைக் கொதிநீரில் அலசிக் காயப்போட்டு மாட்டி நாலு நாள்தான். செவுள் வெளுத்துச் சுருங்கி முன்பக்கம் மடிந்துவிட்டது. மண்புழுவை மூக்கருகே காட்டினாலும் வாய் திறக்கவில்லை. மீன்கடை கிருஷ்ணராஜுக்குப் போன் போட்டு, கழுவியதைச் சொன்னாள்.

"அந்த அழுக்குலதாங்கக்கா அதோட உசிரே இருக்கு. அதுல இருந்த நல்ல கிருமிதான் கழிவு நஞ்ச தின்னுக்கிட்டு இருந்துச்சி. இப்ப அந்த நஞ்சு செவுள எரிக்குது. தண்ணிய பாதி பாதியா மாத்துங்க. ஆனா வேற தொட்டியில ஊறுன அழுக்கு ஸ்பொஞ்சு கெடைக்காட்டி தாங்காது."

ஊற்றுநீர் கொட்டும் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். கை மரத்துப்போயிற்று. என் கையாலேயே நஞ்சு வைத்தேனே என்று புலம்பிக்கொண்டே ஊற்றினாள்.

அந்த லயத்து வீட்டு வரிசையில் இன்னொரு தொட்டி நேசராணி வீட்டில் மட்டும்தான் உண்டு. பொங்கலுக்கு முன்னால் பீலியடியில், "என்னா நேசம், மீன் வளக்கிறியா, பாசி வளக்கிறியா?" என்று எல்லாரும் சிரிக்கக் கேட்டவள் இவள்தான். இப்போது மானம் பார்க்க நேரமில்லை. ஈரச் சேலையோடு ஓடிப்போய் நேசராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேசம், ஒன் தொட்டி ஸ்பொஞ்ச குடு. அழுக்கோட குடு. ஒன் கால்ல விழுறேன்."

நேசராணி விழித்தாள்.

"அக்கா, நீங்க அன்னைக்கு சொன்னதுல வெக்கமாப் போச்சு. கிளோரின் போட்டு, தொட்டி ஸ்பொஞ்சு எல்லாத்தையும் ஒரு பொட்டு அழுக்கில்லாமக் கழுவிட்டேன்."

மற்றக் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன.

"அதுலேருந்து ஒண்ணொண்ணாச் சாவுது. ஏன்னு ஒங்ககிட்டதான் கேக்க வரலாம்னு இருந்தேன்."