ட்ரெவரின் நாடித்துடிப்பு

என் வீட்டுக்காரன் ட்ரெவருக்குக் கெண்டைக்கால் சதை கிழிந்தது ஓடும்போது அல்ல. குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்தவன், மேல் அலமாரியிலிருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுக்கிறேன் பேர்வழி என்று நுனிக்காலில் எட்டினான். படக்கென்று ஒரு சத்தம். எங்கள் கடற்கரை ஊரான யெப்பூனில் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அது போதாதென்று ஓடவும் செய்கிற ட்ரையத்லான் கிறுக்குகள் நிறையப் பேர் உண்டு. பிஸ்கட்டுக்காகக் காயப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

"ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"வலி கிடக்குது, ரே. வாரிக்குக்குத் தெரிஞ்சா நான் காலி."

வாரிக் இவனுடைய கோச். பிரிஸ்பேனில் உட்கார்ந்துகொண்டு மொத்தம் பத்துப் பேருக்குத்தான் பயிற்சி கொடுப்பார். யார் முகத்தையும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. தினமும் என்ன நீந்த வேண்டும், எவ்வளவு மிதிக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று கைக்கடிகாரத்துக்கு அனுப்பிவிடுவார். செய்து முடித்தால் அந்த நாள் பச்சையாகும். செய்யாவிட்டால் சிவப்பு. ஒரு வாரம் சிவப்பாகக் கிடந்தால் ஆளைக் கழற்றிவிடுவார். அந்தப் பத்துப் பேரில் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில்தான் ட்ரெவரின் உயிரே இருந்தது.

"கடிகாரத்தை டியூக் கால்ல கட்டி அனுப்பு" என்றான்.

டியூக் எங்கள் நாய். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நாயின் முன்னங்காலில் கொஞ்சம் முடியைச் சிரைத்து, கடிகாரத்தை இறுக்கிக் கட்டி, நொண்டிக்கொண்டே போய்க் கடற்கரைச் சாலையில் அவிழ்த்தும் விட்டான். சாயங்காலம் வாரிக் எழுதியிருந்தார்: "வேகம் பிரமாதம், சாம்பியன். ஆனா ஒவ்வொரு கம்பத்துக்கிட்டயும் ஏன் நிக்கறே? டாக்டர்கிட்ட காட்டு. இந்த வயசுல இதுக்கெல்லாம் வெக்கப்படக் கூடாது."

ட்ரெவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கடிகாரம் என் கையில் ஏறிவிட்டது.

நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் சாண்ட்விச் கட்டித் தருகிறவள். கடைசியாக எப்போது ஓடினாய் என்று கேட்டால், ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் நாலு தெரு ஓடி, செத்தேன் பிழைத்தேன் என்று வீடு வந்து, கதவைத் திறந்த இடத்திலேயே படுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டோம், இந்த ஆமை வேகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது என்று நினைத்தேன்.

வாரிக் எழுதினார்: "எத்தனை வருஷமா மெதுவா போ, மெதுவா போன்னு கத்தறேன்! இன்னைக்குத்தான்யா காதுல விழுந்திருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"பாத்தியா!" என்றான் ட்ரெவர், சோபாவில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. "எனக்குப் பக்குவம் வந்துடுச்சு."

அப்படியே ஓட்டினோம். கேன்டீனுக்குப் போகுமுன் நீச்சல், வந்த பிறகு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலிருந்து இறங்கி அப்படியே ஓட வேண்டும். அதற்கு இங்கே செங்கல் என்று பேர். இறங்கி நாலு அடி வைத்தால் ஏனென்று உங்கள் காலே சொல்லும். அழுதுகொண்டே செய்தேன். பிறகு அழாமல் செய்தேன். பிறகு ஒரு நாள், கடவுளே, பாடிக்கொண்டே மேட்டில் ஏறியிருக்கிறேன்!

பச்சை, பச்சை, பச்சை. "உன் மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல, ட்ரெவர்" என்று வாரிக் எழுதினார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வயதில் என் சாண்ட்விச்சைத் தவிர எதையும் யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. வந்த பாராட்டிலும் பேர் அவனுடையது. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

ட்ரெவருக்கோ நாளாக ஆக நம்பிக்கையே வந்துவிட்டது.

"நேத்து ஏத்தத்துல பின்னிட்டேன், ரே. தோள்பட்டையைக் கொஞ்சம் பிடிச்சு விடேன், ஒரே வலி."

"சோபா குத்துச்சா?"

"கேலி பண்ணாத. நாளைக்கு என் நீச்சலுக்கு நேரத்துக்குக் கிளம்பு. போன வாரம் நான் லேட்டாப் போனது உன்னாலதான்."

பிடித்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன்.

கால் சரியானதும் கடிகாரத்தைக் கேட்டான். அவன் பொருள், கொடுத்துவிட்டேன். அன்றிரவு தூங்காமல் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் அவனே ஓடிவிட்டு வந்தான். வாரிக்கிடமிருந்து உடனே சேதி: "என்ன ஆச்சு? மாரடைப்பா? அசையாதே, நான் வரேன்."

சொன்னபடியே அடுத்து வந்த மூன்று நாள் விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடற்கரை கிளப்பில் அவருக்காகச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம். மெலிந்த மனிதர், வெயிலில் வெந்த மூக்கு. ட்ரெவரின் கையைக் குலுக்கினாரே தவிர முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. போனில் நாடித்துடிப்புக் கோடு ஒன்றைக் காட்டினார்.

"போன மாசம், மேட்டு ரோடு. இந்த இடத்துல கால் நின்னுபோச்சு. ஆனா நாடி நூத்தி எழுபதுக்கு ஏறுது. நிக்கறவனுக்கு ஏன் ஏறணும்? தூக்கமே வரல, சாம்பியன். என்ன நடந்துச்சு?"

ட்ரெவர் என்னைப் பார்த்தான். நான் வதக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன்.

"ஷூ லேஸ்" என்றான்.

"லேஸ் கட்டறதுக்கு நூத்தி எழுபதா?"

"இறுக்கமான லேஸ்."

கிளப்பே சிரித்தது. விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். விட்டால் அந்த மேடும் அவனுடையதாகிவிடும்.

"பாம்பு" என்றேன். "பழுப்புப் பாம்பு. ரோட்டுக்குக் குறுக்க படுத்திருந்துச்சு. நான் உறைஞ்சு போயிட்டேன். அப்புறம் கோவம் வந்துடுச்சு. 'சனியனே, எனக்கு இன்னும் ரெண்டு ஏத்தம் பாக்கி இருக்கு, நகரு!'ன்னு கத்தினேன். நகந்துடுச்சு."

வாரிக் கையிலிருந்த சாசேஜைக் கீழே வைத்தார், விரலைச் சட்டையில் துடைத்தார், கேட்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு மட்டும் எண்ணியது. அப்புறம்தான் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"நீதானா?" என்றார். "எப்படி இருக்கே, சாம்பியன்?"

"நல்லா இருக்கேன்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை நீச்சல். தோளைத் தளர்த்தி வை."

"வாரிக்!" என்றான் ட்ரெவர். "அப்ப நான்?"

வாரிக் திரும்பி, அவனை முதல்முறையாக மேலும் கீழும் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க, நீங்க யாரு?"

ட்ரெவரைப் பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். "கால் சரியில்ல. கொஞ்சம் உக்காரட்டும்."