இருபத்து மூன்றாவது நிமிடம்

எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து சாய்த்து வைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடமாக எஞ்சின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வால் பிள்ளை மாதிரி அது நடிக்கிறது என்று மாமாவுக்கு எரிச்சல். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பாத்தியா லிஃப்டம்மா? மெக்கானிக் வந்தாலும் இதே கதைதான். அவன் கைய கழுவிட்டுப் போன மறுநாளே நடு ஆத்துல நிக்கும்."

லிஃப்டம்மா என்பது மாமா வைத்த பெயர். அவள் அக்காவுக்கு ஏழு வயது இளையவள். நகரத்தில் மாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்ப்பது வேலை. மாமா அக்காவின் கணவர், இந்தப் படகை ஓட்டுபவர். அக்கா அதே படகில் டிக்கெட் கிழிப்பவள், கயிறு கட்டுபவள், மாமாவை அதட்டுபவள். படகுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். பெட்ரோல் எஞ்சின் நட்டநடுவில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் மூடிதான் பயணிகளுக்கு நல்ல இருக்கை. குளிர்காலத்தில் அதற்குப் போட்டியே நடக்கும்.

இரண்டு மாதமாக ஒரு வியாதி. அக்கரைக்குப் போய் ஆள் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் வந்ததும் எஞ்சின் பட்டென்று நின்றுவிடும். பத்து நிமிடம் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அந்த இடமே சரியில்லை என்று பயணிகள் பேச ஆரம்பித்தார்கள். போன வாரம் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்து படகில் ஏறுகிறார். அவர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் பர்மிட் இருக்கும். நின்றால் இந்தப் படகுத்துறையில் இதற்கு வேலை இல்லை. பதினாறு வருடமாக இதையே செய்துவந்த அவர்கள் இருவருக்கும் வேறு வேலையும் தெரியாது. அக்கா போனில் இதையெல்லாம் சொல்லவில்லை. "ரெண்டு நாள் லீவு கிடைக்குமா?" என்று மட்டும்தான் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டே இவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வந்ததிலிருந்து ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பழுது வருவது மூடி போட்டிருக்கும்போது. எல்லோரும் பழுதைத் தேடுவது மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு.

"மாமா, மூடியப் போடுங்க. அக்கா, நீ மேல ஏறி உக்காரு."

"நானா? எதுக்கு?"

"பாரம் வேணும்ல. அதுக்கு உன்ன விட்டா யாரு" என்று மாமா முந்திக்கொண்டார். அக்கா ஈரக் கயிற்றால் அவர் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

படகைத் துறையிலேயே இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு, ஓட்டிக்கொண்டே நின்றார்கள். பின்னால் தண்ணீர் கொதிப்பதுபோல் நுரைத்தது. லிஃப்டம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது. இருபத்தொன்று. இருபத்து மூன்றாவது நிமிடத்தில், கட்டிப்போட்ட படகில், மிதவையே இல்லாத இடத்தில், எஞ்சின் பட்டென்று நின்றது.

மாமா முகத்தில் வந்தது சந்தோஷமேதான். இத்தனை நாள் அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இப்போதுதான் ஒரு சாட்சி.

மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்கப் போனவரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெட்டிக்குள் பெட்ரோல் வாடை அடங்கும்வரை எந்தப் பொறியும் வேண்டாம் என்று அதட்டினாள். வாடையை வெளியே தள்ளும் சின்னக் காற்றாடியை நாலு நிமிடம் ஓடவிட்டு, வாடை போனபின், ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். காயிலைத் தொட்டதும் கை தானாகப் பின்வாங்கியது. பேட்டரியின் கரண்டைப் பிளக்குக்குத் தேவையான பெரிய அடியாக மாற்றிக் கொடுக்கும் அந்தக் கறுப்பு உருளை, அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளர் மாதிரிக் கொதித்தது. ஈரத்துணியைச் சுற்றினாள். புஸ்ஸென்று ஆவி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சாவியைத் திருப்பச் சொன்னாள். பிடித்துக்கொண்டது.

"அப்ப காயில்தான்" என்றாள் அக்கா.

மாமா உதட்டைப் பிதுக்கினார். அது போன மாதம் போட்ட புதுக் காயில். அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று. பாயின்ட், கண்டென்சர், பிளக் வயர் எல்லாமே புதுசு. அந்த எஞ்சினில் மாற்றாத சாமான் என்று எதுவும் பாக்கி இல்லை என்றார்.

மூன்று காயில் வரிசையாகக் கெட்டுப்போகாது. எதுவோ அவற்றைச் சுடுகிறது. அவள் மீட்டரை எடுத்துக் காயிலில் வைத்தாள். பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட். காயிலின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: ரெசிஸ்டருடன் மட்டும் பயன்படுத்தவும். கரண்டைக் குறைத்து அனுப்பும் அந்த ரெசிஸ்டர் வழியில் இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஒன்பதுக்கு மேல் காட்டக்கூடாது. பக்கப் பலகையில் வெள்ளைப் பீங்கான் கட்டியாக ரெசிஸ்டர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு வயர், ரெசிஸ்டரைச் சுற்றிக் குறுக்குவழி போட்டிருந்தது. அதன்மேல் டேப், டேப்புக்கு மேல் டேப். கறுப்பு, நீலம், மறுபடி கறுப்பு. யாரோ வருடா வருடம் அக்கறையாகச் சுற்றிய டேப்.

அவள் கத்தியால் கீறிப் பிரித்தாள். உள்ளே சிவப்பு வயர். முனையை இடது பக்கமாக முறுக்கி, மிச்சத்தை மடித்துக் கிள்ளிவிட்டிருந்தது. இடது கைக்காரியின் முறுக்கு. அவளுடைய முறுக்கு.

நாலு வருடத்துக்கு முன்னால், பயிற்சியில் இருந்தபோது, ஒரு லீவில் வந்தாள். அன்று காலை படகு ஸ்டார்ட் ஆகவே மாட்டேனென்றது. துறை நிறைய ஆட்கள். அவள்தான் தாவி இறங்கி இந்த வயரைப் போட்டாள். ஒரே திருப்பில் பிடித்தது. இப்போதைக்குத்தான், சாயங்காலம் எடுத்துடறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. எடுத்தது நினைவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் வேலையில் அவளுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது: சோதனைக்காகப் போட்ட குறுக்கு வயர்களை உள்ளங்கையில் வைத்து எண்ணாமல் லிஃப்ட்டை ஓடவிடக்கூடாது. ஒன்று குறைந்தாலும் மேலே ஏறித் தேடியாக வேண்டும். ஒரே ஒரு வயருக்காகத் தன் சீனியரைப் பதினோரு மாடி ஏறவைத்தவள் அவள்.

அப்போது படகில் இருந்த காயில் பழைய தடி மாடல். சூட்டைத் தாங்கித் தாங்கி ஓடி, ஒருநாள் செத்திருக்கிறது. புதுசுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

பேசாமல் உருவிப் பைக்குள் போட்டுவிடலாம். ரெசிஸ்டர் கெட்டுப்போச்சு, சரி பண்ணிட்டேன் என்றால் நம்பிவிடுவார்கள். அந்த நினைப்பு வந்து போக எவ்வளவு நேரம் ஆனதோ, மாமா குனிந்து பார்த்துவிட்டார்.

"அது நீ போட்டதாச்சே. அதையா பிரிச்ச?"

"இதுதான் மாமா கோளாறு. மூணு காயிலயும் சுட்டது நான்தான்."

மாமா தோளிலிருந்த துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத கையைத் துடைத்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு மெக்கானிக் அத பிடுங்கப் பாத்தாங்க. எங்க சின்னவ போட்டது, கைய எடுன்னு துரத்திட்டேன்."

அக்காதான் குறுக்கே வந்தாள்: "நல்ல ஜோடி. ஒருத்தி மறந்துட்டுப் போனா, ஒருத்தர் அதுக்குக் காவல் காத்திருக்காரு."

மாமாவின் தோள் குலுங்கியது. சிரித்து முடித்ததும், நாளைக்கு ஓடுமா என்று கேட்டார்.

வயரை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். அன்றைக்கு அவள் நோயைப் பார்க்கவில்லை, அதன் வாயை மட்டும் அடைத்திருக்கிறாள். இந்த முறை உட்கார்ந்து தேடினாள். ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் முழுக் கரண்டைக் காயிலுக்குக் கொண்டுபோக, ஸ்டார்ட்டரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் உண்டு. எண்ணெய் படிந்த மூலையில் அது பச்சை பூத்து அறுந்து கிடந்தது. செம்பு தூளாக உதிர்ந்தது. அளந்து புது வயர் வெட்டி, முனைகளை இடுக்கியால் நசுக்கிப் பொருத்தி, இழுத்துக் கட்டினாள். இப்போது திருப்பினால், ஒரே பிடி. மீட்டரில் எட்டு புள்ளி ஏழு.

மூடியைப் போட்டு ஓட்டினார்கள். முப்பத்தைந்து நிமிடம். ஆறு மணிக்கு மேல் துறையில் எஞ்சின் சத்தம் கூடாது என்று காவலாளி வந்து நிறுத்தச் சொன்னார். முழுசாக ஒரு மணி நேரம் ஓடுவதை யாருமே பார்க்கவில்லை.

காலையில் வந்த ஆய்வாளர் ஒல்லியான அம்மாள். பலகையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு நேராக எஞ்சின் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். கயிறுகளை எண்ணினார், மிதவை உடைகளை எண்ணினார், எழுதினார். படகு அக்கரையைத் தொடாமல் திரும்பியது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தன்னையறியாமல் ஒரு டிக்கெட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்திருந்தாள். நாற்பது ஆனது. ஐம்பது. மாமா லேசாக ஒரு பாட்டை முணுமுணுக்கக்கூட ஆரம்பித்தார். அறுபத்தொன்றில் ஆய்வாளர் தலை நிமிர்ந்தார். சரியாக நடு ஆறு.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். சட்டென்று ஊரே அமைதியானதுபோல் இருந்தது. படகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. சூடான எஞ்சின் மூடிக்குள் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

மாமா லிஃப்டம்மாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். சாவி திரும்பியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் எஞ்சின் பிடித்துப் பலகை அதிர்ந்து, பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் குபுக்கென்று துப்பிக்கொண்டு வந்தது.

ஆய்வாளர் ஏதோ எழுதினார். என்னவென்று லிஃப்டம்மா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அக்கரையில் சிமென்ட் படியில் தனியாக ஒரு பெண் படகுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டுப் படகைப் பார்த்தவள், எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குப் பக்கத்துப் படிவரை இறங்கி வந்தாள்.