ஒரு செங்கல் ஓட்டை

என் பெண்டாட்டியின் அண்ணனுக்கு நான் தரவேண்டியது ஆறாயிரத்து நானூற்று இருபது ரூபாய். வீட்டுச் சுவருக்காக அவர் கடையில் எடுத்த செங்கலுக்குப் பாக்கி. தங்கை வாழும் வீடாயிற்றே என்று அந்த இருபதைக்கூட அவர் தள்ளவில்லை.

அப்போது வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு திட்டத்தில் எங்கள் தெருவுக்குப் பத்து கக்கூஸ் வந்தது. பீங்கானும் கதவும் திட்டத்துடையது. சுவர் வீட்டுக்காரர் பாடு. நானோ கொத்தனார்.

"மாப்பிள்ளை, என் வீட்டுக்கு நீங்க கட்டிக் குடுங்க. கடனைக் கழிச்சிடலாம்" என்றார் மச்சான். செங்கலை அவரே எண்ணிப் போட்டார். கடைசி வரிசையில் ஒரு கல் குறைந்தது.

"இன்னொண்ணு குடுங்க மச்சான்."

"நான் சரியாத்தான் எண்ணினேன். நீங்கதான் எங்கயோ முழுங்கிட்டீங்க."

"செங்கல்லு செரிக்கிற வயிறுன்னா எனக்குக் கக்கூஸ் எதுக்கு?"

"ஓட்டையை அடைங்க. அப்பத்தான் கடன் அடையும்."

அவர் கல் தரவில்லை. நானும் வாங்கி வைக்கவில்லை. வீம்பு இரண்டு பக்கமும் சமம்.

மழைக்காலம் வந்தது. மற்ற ஒன்பதிலும் உள்ளே போனவன் வந்த வேலையை மறந்து வெளியே ஓடினான். பிறகு அவற்றில் விறகு அடுக்கினார்கள். மச்சான் வீட்டில் மட்டும் நாற்றம் ஓட்டை வழியே நடையைக் கட்டியது. விடிந்தால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றது.

திட்டத்து அதிகாரி அம்மா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரோட யோசனை?"

"என்னோடதுதாங்க" என்றார் மச்சான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அதே மாதிரி இன்னும் முந்நூறு வீட்டுக்கு என்று முடிவானது. எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஒரு கல் இருக்காது. செங்கல் மொத்தமும் மச்சான் கடையில்தான். ஓட்டைக்குக் கீழே பலகை ஒன்று மாட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'காற்றோட்டத் துளை'.

வீட்டில் சொன்னேன். "ஓட்டைக்கே நல்ல பேர் வந்துருச்சு. உங்களுக்கு எப்ப வரும்?" என்றாள் பெண்டாட்டி.

காசு கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வருகிற நாள் காலையில், சொந்தக் காசில் ஒரு செங்கல் வாங்கி, கலவையும் கரண்டியுமாகப் போய் ஏணி போட்டேன். மச்சான் வாயில் பற்பசை நுரையோடு ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை! என்ன பண்றீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். ஓட்டையை அடைச்சாக் கடன் அடையும்னீங்களே."

"ஐயோ, அடைச்சிடாதீங்க! முந்நூறு வீட்டுச் செங்கல்லும் போயிரும்!"

"அப்ப கடன்?"

"அடைஞ்சிருச்சு!"

"அந்த இருபது ரூபா?"

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

"அதுவுந்தான் அடைஞ்சிருச்சு! இறங்கித் தொலைங்க!"