இறால்களுக்கு மட்டும்

தம்ளரில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியபோது, பேராசிரியர் வீரபோங்குக்கு வழக்கம்போலப் பலத்த கைதட்டல் கிடைத்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். அதே மேடையில், சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவென்று மைக்கை வாங்கியவர், வாயைத் திறந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் மேடையோரத்து ஆர்க்கிட் தொட்டியில் கொட்டினார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெண் முகத்துச் சிரிப்பு இம்மியும் குலையாமல் தேநீர் இடைவேளை என்று அறிவித்தாள். தேநீர் இடைவேளை அப்போதுதான் முடிந்திருந்தது. இருந்தாலும் ஹாட்யாய் நகரத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மரியாதையாக எழுந்து, இன்னொரு முறை தேநீர் குடிக்கப் போனார்கள்.

அவர் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் காட்டியது இறாலுக்கான பொடி. தீவனத்தில் கலந்து போட்டால் குளத்தில் நோய் பரவுவதைக் குறைக்கும் ஒரு நல்ல பாக்டீரியா அதில் இருந்தது. அதை அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்து, எட்டு வருடம் வளர்த்துப் பொடியாக்கியவள் பச்சரா. ஒருகாலத்தில் அவருடைய மாணவி, இப்போது அதே துறையில் ஆராய்ச்சியாளர். குடித்துக் காட்டும் யோசனை மட்டும் வீரபோங்குடையது. இறாலுக்கு நல்லது என்பதை மனுஷன் குடித்து எப்படி நிரூபிப்பது என்று அவள் ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள். "நிரூபிக்க இல்லம்மா, ஞாபகத்துல நிக்க" என்றார் அவர். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பது அவருடைய கணக்கு.

வீரபோங்கும் ஒருகாலத்தில் மெய்யான விஞ்ஞானிதான். ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது ஆராய்ச்சிக் கூடத்திலேயே சாகக்கூடாது, ஊருக்குப் பயன்பட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கம்பெனி தொடங்கினார். முதல் கம்பெனி, கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து. புழுக்கள் அதைத் தின்று கொழுத்தன. இரண்டாவது, மங்குஸ்தான் தோலில் செய்த முகக்களிம்பு. பூசியவர்கள் ஒரு வாரம் ஊதா முகத்தோடு அலைந்தார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாமென்று வக்கீல் சொல்லியிருந்தார். இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தே அவர் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவுப் பேராசிரியர் ஆனார். அறிவியல் பிள்ளைகளுக்குக் கம்பெனி நடத்தக் கற்றுத்தரும் அவருடைய வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியேறிய பிறகு, பலகையைத் துடைக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் அவருக்குக் கஷ்டமான நேரம். ஒன்றாவது தேறியிருக்கலாமே என்று தோன்றும். ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. பச்சராவின் பொடி நாலாவது. நிர்வாக இயக்குநர் வீரபோங் என்று தங்க எழுத்தில் அட்டைகூட அடித்து வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்திருந்தவரின் பக்கத்தில் மனைவி லம்யாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா என்னென்னவோ விக்கப் பாத்தீங்க. இப்பத்தான் ஒரு வாடிக்கைக்காரர் கெடைச்சிருக்காரு. அவரையும் இந்தக் கட்டில்ல படுக்கப் போட்டுட்டீங்களே."

"சிரிக்க வைக்காதடி. வயிறு வலிக்குது."

"மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

"கூட்டம் நடந்த ஓட்டலுக்குப் பின்னாடி தெருவுல, பப்பாளிக்காயை இடிச்சுப் பிசைஞ்சது."

"உப்புல ஊறவெச்ச பச்சை நண்டு போட்டதா?"

"ரெண்டு நண்டு."

"அப்ப நண்டுதான். பொடிமேல பழியைப் போடாதீங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள். நோயாளியிடம் பேசும் அந்தக் குரலை அவர் நம்பவில்லை.

மறுநாள் பழக்கூடையோடு வந்த டீன், உட்காருவதற்கு முன்பே "பப்பாளிதான் அஜான், பப்பாளியேதான்" என்றார். இந்த ஊரில் வாத்தியாரை எல்லாரும் அஜான் என்றுதான் கூப்பிடுவார்கள், அவருக்கு மேலே இருக்கும் டீன் உட்பட. கம்பெனி என்ன ஆயிற்று என்று வீரபோங் கேட்டார். "மொதல்ல ஒடம்பைப் பாருங்க, ஒடம்பு" என்று டீன் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்துச் சொன்னார். சிங்கப்பூர் அம்மாளிடமிருந்து, உடம்பு தேற நோயாளிகளுக்குக் கொடுக்கும் பறவைக்கூட்டுச் சாறு நிரப்பிய புட்டிகள் ஒரு கூடை வந்தது, விரைவில் குணமடைய வாழ்த்துகளோடு. முதலீட்டாளர்கள் "சுவாரசியமாக இருக்கிறது" என்றால் இல்லை என்று அர்த்தம், "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம். இதை அவர் வகுப்பிலேயே பாடமாக நடத்துகிறவர். பறவைக்கூட்டுச் சாறு அனுப்பினால் என்ன அர்த்தம் என்பது அவருக்கே தெரியவில்லை.

பச்சராவுக்குச் செய்தி அனுப்பினார். பொடியில் ஏதாவது கலந்துவிட்டதா என்று கேட்டார். கைகூப்பிக் கும்பிடும் முயல் படம் ஒன்று பதிலாக வந்தது. மறுபடி கேட்டார். இந்தத் தடவை முயல் பூங்கொத்து வைத்திருந்தது. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொடி கெட்டுப்போயிருந்தால் அதைப் போட்டுப் பார்க்கும் குளங்களின் கதி என்ன? கெடவே இல்லை என்றாலும், அந்தக் கூட்டத்துக்கு இனி அதைப் பார்த்தால் பாக்டீரியாவா ஞாபகம் வரும், ஆர்க்கிட் தொட்டிதானே? ஒரு பெண்ணின் எட்டு வருட உழைப்பை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒரு பூந்தொட்டியில் கொட்டிவிட்டோம் என்று நினைத்தபோது, வயிற்றுவலி நின்றுவிட்டிருந்தும் அவர் புரண்டு படுத்தார்.

மூன்றாம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்துப்போகப் பச்சராவே வண்டியோடு வந்தாள். பையைப் பின்னிருக்கையில் வைத்தாள், பெல்ட்டைக் கட்டிவிட்டாள், மழையைப் பற்றிப் பேசினாள். பெரிய சந்தையைத் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"பொடியா, நண்டா? மழுப்பாமச் சொல்லு."

"நண்டுதான், அஜான். பாக்கெட்டுல மீதி இருந்ததையும், அதே தடவை செஞ்சு எடுத்துவெச்சிருந்ததையும் வளர்த்துப் பாத்தேன். நம்ம பாக்டீரியாவைத் தவிர ஒண்ணும் வரல."

வீரபோங் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நண்டுகள் இரண்டுக்கும் கோயிலில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"அனுப்பிட்டேன். அடுத்த மாசம் கையெழுத்துப் போடறாங்க."

அவர் முன்பலகையில் ஓங்கித் தட்டியதில் கண்ணாடியில் தொங்கிய புத்தர் வில்லை ஆடியது. பேச ஆரம்பித்துவிட்டார். இனிமேல் குடிக்க வேண்டாம், இறால்களையே மேடைக்குக் கொண்டுவரலாம், கண்ணாடித் தொட்டியில், விளக்குப் போட்டு. ஒரு தொட்டியில் சோம்பேறி இறால், ஒரு தொட்டியில் நம் பொடி தின்ற இறால். முதல் வேலையாக மலேசியா, அப்புறம் வியட்நாம். பச்சரா சிரிப்பாள் என்று பக்கவாட்டில் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட்டில் மணி அடித்து, கதவு இறங்கியது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"நிர்வாக இயக்குநரா வேற ஒருத்தர் வர்றாரு, அஜான். பாங்காக்ல தீவனக் கம்பெனியில இருந்தவர்."

"ஓ" என்றார் அவர். பிறகு சிரித்தார். "வாந்தி எடுக்கறவன் வேண்டாம்னு நிபந்தனை போட்டுட்டாங்களா? நியாயந்தான். சிங்கப்பூர்க்காரங்க சுத்தம் பாப்பாங்க. நான் பேசிக்கறேன் விடு. அந்தம்மாவை ஒருதடவை சிரிக்க வெச்சுட்டாப் போதும்."

"நிபந்தனை அவங்க போடல."

தெற்கேயிருந்து வந்த ரயில் அவர்களைக் கடக்கத் தொடங்கியது. பச்சரா அந்தப் பெட்டிகளைப் பார்த்தபடியே பேசினாள். குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.

"நான் போட்டேன். நூத்துக்கு அறுபத்திரண்டு இறால் பொழைச்சுது. நான் எழுதினது அறுபத்திரண்டு. பாங்காக்ல எழுபதுன்னீங்க. அன்னைக்கு மேடையில எண்பத்தஞ்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க எறங்கினதும், நான் ஒவ்வொருத்தரா தேடிப்போய் சரியானதைச் சொல்லிட்டு வருவேன். எல்லாரையும் பிடிக்க முடியல. ரனோட்ல ஒரு குளத்துக்காரர் உங்க எழுபதை நம்பி இன்னும் ரெண்டு குளம் வெட்டிட்டாரு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். சிரிக்க வெச்சீங்க."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு சுருண்டிருந்தது.

"வெளிநாட்டுலேர்ந்து நான் திரும்பி வந்தப்ப எடம் குடுக்க யாரும் இல்ல. சண்டை போட்டு எனக்கு மேசை வாங்கிக் குடுத்தது நீங்கதான். மறக்கல. அதனாலதான் இதைச் சொல்ல வாய் வராம முயலை அனுப்பிட்டிருந்தேன்" என்றாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

வீரபோங் ஒரு நகைச்சுவையைத் தேடினார். கொசுவுக்கு ஒன்று இருந்தது, ஊதா முகத்துக்கு ஒன்று இருந்தது, வக்கீலுக்குக்கூட ஒன்று இருந்தது. இதற்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இத்தனை வருடங்களில் முதல்முறையாக, சிரிப்பு சேர்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் வேண்டாமா, பச்சரா?"

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"கம்பெனிக்கு வேண்டாம், அஜான்."

ரயிலின் கடைசிப் பெட்டி போய், கதவு உயர்ந்தது. எதிர்ப்பக்கத்து வண்டிகள் தண்டவாளத்தைத் தாண்டி ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் முட்டைத் தட்டுகளை மடியில் அணைத்தபடி ஒரு பெண், புழுதியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பச்சராவின் கை சாவியில் இருந்தது, ஆனால் திருகவில்லை. பக்கக் கண்ணாடியில் அவர்களுக்குப் பின்னால் வண்டிகள் சந்தைவரை நீண்டு நிற்பது தெரிந்தது. அந்த ஊர் மரியாதைப்படி ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.